ஈரக் கருங்கல்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவின் கம்பாதோஸ் ஊரில், கருங்கல் தூண்கள்மேல் படர்ந்திருந்த அல்பரீன்யோ திராட்சைப் பந்தலின் கீழ், மதுச்சுவை அறிந்தவராகத் தம்மைக் கருதும் அறிஞர் ஒருவரும் அப்பந்தலுக்கு உரிய அம்மையாரும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். அறிஞர் கோப்பையை மும்முறை சுழற்றி, மூக்கை அதனுள் நுழைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

அறிஞர்: வெள்ளைப் பீச், எலுமிச்சைத் தோல், அவற்றுக்கும் அப்பால் ஈரக் கருங்கல். இதையே அறிந்தோர் ‘கனிமத்தன்மை’ என்பர். கொடி தன் வேரால் பாறையின் சுவையையே உறிஞ்சிக் கோப்பைவரை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது என்பது அதன் பொருள்.

அம்மையார்: அவ்வாறாயின் தாத்தா காலத்தில் நட்ட இந்தத் தூண்கள் இதற்குள் இளைத்திருக்க வேண்டுமே, ஐயா. வேர் எடுப்பது நீரில் கரைந்த உப்புகளைத்தான்; அவை நாவுக்கு எட்டும் அளவில் கோப்பைக்கு வருவதில்லை. தாங்கள் கல் என்று நினைப்பது பெரும்பாலும் புளிப்பு. அட்லாண்டிக் கடலோரத்தின் குளுமை, பழம் கனிந்த பின்னும் அந்தப் புளிப்பை விட்டுவைக்கிறது. ஓயாத மழையில் பழம் பூஞ்சை பிடித்து அழுகாமலிருக்க, ஈரத்தரையிலிருந்து உயர்த்தி, காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி கொடியைப் பந்தலில் ஏற்றினார்கள். பழத்தின் தடித்த தோலும் அதற்குத் துணை. கல் இங்கே செய்யும் வேலை பந்தலைத் தாங்குவதுதான்.

அறிஞர்: மூக்கு பொய் சொல்லாது, அம்மா.

அம்மையார்: ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் அல்பரீன்யோ என்று நட்டு, அதே பெயரில் விற்றுவந்த கொடி, 2009இல் மரபணுச் சோதனைக்குப் பின், பிரான்சின் ஜூரா பகுதியில் விளையும் சவன்யான் என்று தெரியவந்தது. அதுவரை எந்த மூக்கும் வாய் திறக்கவில்லையே?

அறிஞர்: அதில் மணந்தது ஜூராவின் சுண்ணாம்புக் கல்லாக இருந்திருக்கும்.

அம்மையார்: கொடி நின்றதோ ஆஸ்திரேலிய மண்ணில்.

அறிஞர் இதற்கு விடை கூறாமல் மேலும் ஒரு மிடறு பருகி, இம்முறை கல்லைக் கடந்து கடலுக்குச் சென்றார்.

அறிஞர்: முடிவில் ஓர் உப்புக்காற்று. கடலே கோப்பைக்குள் இறங்கி வந்தது போல.

அம்மையார்: கடலா? 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்னும் கப்பல் 77,000 டன் கனரக எண்ணெயுடன் இக்கரைக்கு அப்பால் உடைந்து மூழ்கியபோது, கறுத்த அந்தக் குழம்பு உள்கடலுக்குள் நுழைந்துவிடாதபடி மீனவர்கள் தத்தம் படகுகளில் சென்று வெறுங்கையால் அள்ளினார்கள். அந்தக் கடலுக்கு என்ன மணம் என்று குறிப்பேட்டில் எழுத அன்று ஒருவரும் வரவில்லை. இன்றும் வற்றுநீரில் முழங்கால்வரை நின்று, முதுகு நிமிராமல் மட்டி வாரும் பெண்களிடம் கேளுங்கள், கடலின் சுவை இன்னதென்று சொல்வார்கள். அதைக் கேட்டபின் கோப்பை கசக்கும்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர், மிதவைகளில் கட்டித் தொங்கவிட்ட கயிறுகளில் வளர்ந்த சிப்பிகள் ஆவியில் வாய் திறந்து மேசைக்கு வந்தன. பாறையில் அலை அடிக்கும் இடத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பெயர்த்தெடுக்கும் பெர்சேபெஸ் என்னும் கொட்டலசும் வந்தது. இவற்றின் உப்பையும் கொழுமையையும் இந்த மதுவின் புளிப்பு துடைத்து, அடுத்த வாய்க்கு நாவை ஆயத்தமாக்குகிறது. பொருத்தம் என்பது இவ்வளவே. அதற்கு இலக்கணம் எழுதத் தேவையில்லை.

கடைசியாக, ஆலிவ் எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தூவிய பேய்க்கணவாய், வழக்கப்படி மரத்தட்டில் வந்தது.

அறிஞர்: இதற்கும் இந்த வெள்ளை மதுவே விதி.

அம்மையார்: ஊர்ச்சந்தைகளில் இதற்கு இளஞ்சிவப்பு மது அல்ல, வெள்ளையும் அல்ல, புதிதாக இறக்கிய சிவப்பு மதுவைத்தான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்கள். விதியை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அறிஞர் குறிப்பேட்டைத் திறந்து, ‘ஈரக் கருங்கல்’ என்று எழுதியிருந்ததை நீண்ட யோசனைக்குப் பின் அடித்தார். பிறகு மரத்தட்டை இரு கைகளாலும் தூக்கி முகர்ந்துவிட்டு, ‘முதிர்ந்த மரத்தின் மெல்லிய சாயல்’ என்று எழுதினார். அவர் தட்டையே நக்கிவிடுவாரோ என்று அஞ்சிய அம்மையார், விரைந்து அதில் இன்னும் இரண்டு துண்டு பேய்க்கணவாயை எடுத்து வைத்தார்.