வளைந்து வந்த தங்கம்

கேள்வி: கோலி ஆடி வளர்ந்தவன் நான். புல்தரையில் பந்து உருட்டும் ‘லான் பவுல்ஸ்’ ஆட்டத்துக்கு நம் வட்டாரத்தில் சர்வதேசப் போட்டி உண்டா? நாம் ஜெயித்திருக்கிறோமா?
– வாசகர் ஒருவர், திருமழபாடி

பதில்: உண்டு. ஆசிய பசிபிக் போட்டி 1985இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. நம் பொன்னாள் வந்தது 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்க்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என வீழ்த்தித் தங்கம் வென்றார்கள். இந்த ஆட்டத்தில் காமன்வெல்த்தில் நமக்குக் கிடைத்த முதல் பதக்கமே தங்கம்! பந்து நேராக ஓடாது. வேகம் குறையக் குறைய வளைந்துபோய், இலக்கான சின்ன வெள்ளைப் பந்தின் பக்கத்தில் நிற்கவேண்டும். கோலியில் குறி பார்த்த கண்ணுக்கு இது பங்காளி வீட்டு ஆட்டம்தான். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு புல்தரை கிடைக்கட்டும். பதக்கம் கொள்ளிடக் கரைக்கும் உருண்டு வரும்!