தானே தன்னருகே நிற்றல்: டம்ளர் நோக்கில் ஓர் ஆய்வு

ஒருவரே ஒரே புகைப்படத்தில் இருவராகவும் ஐவராகவும் நிற்கும் வழக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. இதுபற்றி முன்னோர் எழுதியவற்றை யாம் படிக்கவில்லை, படிக்காமலே மறுத்துள்ளோம்.

இத்தகு படங்கள் ஐவகைப்படும். முதலாவது கண்ணாடிவகை. 1917இல் நியூயார்க்கில் கலைஞர் மார்செல் துஷாம்ப், கீல் வைத்த இரு கண்ணாடிகளுக்கு முன் பைப்பும் கையுமாக அமர்ந்து, ஒரு மேசையைச் சுற்றி ஐந்து துஷாம்பாக ஆனார். இரண்டாவது ஓட்டவகை: பனோரமா எடுக்கும்போது கேமராவின் முதுகுப்புறமாக ஓடி மறுகோடியில் மூச்சிரைக்க நிற்பது. மூன்றாவது மறைப்புவகை: லென்ஸில் ஒரு பகுதியை மூடி எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபகுதியைத் திறந்து எடுப்பது. 1921இல் வந்த ‘தி பிளேஹவுஸ்’ திரைப்படத்தில் பஸ்டர் கீட்டன் ஒன்பது பேராக ஒரே வரிசையில் நின்றது இவ்வகை. நான்காவது ஒட்டுவகை, கம்ப்யூட்டரில் லேயர்மேல் லேயராக. ஐந்தாவதை முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர் ஒருவருக்காக விட்டுவைத்திருக்கிறோம்.

இரட்டையர் இவ்வாய்வுக்கு அப்பாற்பட்டோர்.

இனி இலக்கணம். யாமே இயற்றிய நூற்பா:

கால்மாறாது கருவி நிற்ப
ஆள்மாறி நிற்றல் அதன் இயல்பே.

உரை: ‘கால்’ என்றது டிரைபாடின் காலை, எடுப்பவன் காலை அன்று. என்னை? பத்து நொடி டைமருக்குள் அவன் கால் ஓடியே தீரவேண்டும் ஆகலின். ‘இயல்பே’ என்னும் ஏகாரத்தால், வெளிச்ச அளவும் ஃபோகஸும் ஒயிட் பேலன்ஸும் பூட்டப்படவேண்டும் என்பதும் கொள்க. பூட்டாக்கால் இடப்பக்கத்தான் மாநிறமாகவும் வலப்பக்கத்தான் காமாலை கண்டவனாகவும் வருவர். ஓர் ஏகாரத்தில் இத்தனையும் அடங்குமா என்பார்க்கு, உரையாசிரியர்கள் இதைவிட அதிகம் அடக்கியிருக்கிறார்கள் என்பது விடை.

நிழல்: விழும்.

இனி டம்ளர்ச் சிக்கல். தன்னை இருவராக்கியவன் அடுத்த கணமே ஒருவனை மற்றவனுக்குக் காபி கொடுக்க வைக்கிறான். இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமையே காரணம் என்க. இங்கேதான் கலை தடுமாறுகிறது. இரு படங்களும் சந்திக்கும் ஒட்டுக்கோடு நடுவில் ஓடுகிறது. கொடுப்பவன் கை அக்கோட்டைத் தாண்டினால் விரல் போய்விடும். டம்ளரை இருமுறையும் பிடித்தால் இரண்டு டம்ளர். ஒருமுறை மட்டும் பிடித்தால் மற்றவன் காற்றை வாங்கிக்கொண்டிருப்பான். ஆகவே டம்ளரைக் கோட்டின்மேலேயே ஒரு ஸ்டூலில் வைத்து, இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து அதை நோக்கிக் கை நீட்டுவதே முறை.

தீர்ந்தது என்பார் காபியை அறியாதார். முதற்படம் எடுத்து, ஓடி, அமர்ந்து, தலைமுடி கோதி, இரண்டாம் படம் எடுப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆகவே டம்ளரின் இடப்பாதியில் ஆவி பறக்கும், வலப்பாதியில் ஆடை படியும். இதனால் அறிஞர் இரு அணியாயினர். மீண்டும் சுடவைக்க வேண்டும் என்போர் ஆவிவாதிகள். முதலிலேயே ஆறவைக்க வேண்டும் என்போர் ஆறல்வாதிகள். வெறும் டம்ளர் போதும் என்னும் மூன்றாம் அணியை எம் முந்தைய கட்டுரை கண்டித்தது. அக்கண்டனத்தை எம் அடுத்த கட்டுரை கண்டிக்கும். இரண்டையும் மேற்கோள் காட்டியவரும், மேற்கோள் தரமானது எனச் சான்றளித்தவரும் யாமே. இதுவும் தானே தன்னருகே நிற்றலே: டிரைபாடும் வேண்டாம், ஒட்டுக்கோடும் தெரியாது. பதவி உயர்வுக்கும் இவ்வகைப் படமே ஏற்கப்படுகிறது.

இறுதியாக, அக்காபியைக் குடித்தவன் எவன்? வலப்பக்கத்தானே எனத் துணிக. இடப்பக்கத்தான் முதற்படத்தோடு முடிந்தவன். ஸ்டூலருகே கடைசியாக இருந்தவன் இவன் ஒருவனே. சர்க்கரை குறைவென்று முகம் சுளித்தவனும் இவனே. சுளித்தது படம் எடுத்தபின் ஆதலின், அம்முகம் படத்தில் இல்லை.