டிகிரி அண்ணே

எங்கள் லாபிஸில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. மண்ணுக்கடியிலிருந்து கொதித்து வரும் தண்ணீரில் காலை நனைக்க வெளியூர்க்காரர்கள் பெட்ரோல் செலவழித்து வருகிறார்கள். அதே தண்ணீர் பானட்டுக்கடியிலிருந்து வந்தால் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து, யாரும் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து நிற்பவர்தான் டிகிரி அண்ணே.

பட்டதாரி என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் இருக்கும் டிகிரிகள் மூன்று: 76, 82, 88. மூன்றும் ஒரு மைலோ டின்னுக்குள் துணியில் சுற்றிக் கிடக்கின்றன. தெர்மோஸ்டாட்டுகள். டின்னுக்குப் பக்கத்தில் சாமி படம். எதற்கு முதலில் திருநீறு விழுகிறது என்று நான் கவனித்ததில்லை.

இவரைப் போல் ஒருவர் எல்லாத் தாமானிலும் இருப்பார். தோட்டத்தில் பிறந்திருப்பார். மண்டோரிடம் திட்டு வாங்கியபடி டிராக்டர் ஓட்டக் கற்றிருப்பார். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பார்கள். வீட்டு வாசலில் விற்கவும் மனசு வராமல், ஓட்டவும் தைரியம் வராமல் ஒரு பழைய கார் நிற்கும். நம் அண்ணனுடையது புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் அந்தக் கார் வெளிவந்தபோது நாடே நிமிர்ந்து நடந்தது. அண்ணே இன்னும் அந்த நிமிர்விலிருந்து இறங்கவில்லை. உள்ளே மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் இஞ்சின் என்பதை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்வார்.

மாமாக் கடையில் அவருக்கு ஒரு பரம்பரை எதிரிக்கூட்டம் உண்டு. அதைக் 'கழட்டிப்போடு கட்சி' என்று சொல்லலாம். "நம்ம நாட்டுல என்ன பனியா பெய்யுது? தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூரப் போடுண்ணே, தண்ணி தாராளமா ஓடும்" என்பது அவர்களுடைய ஒரே கொள்கை. இந்தப் பேச்சு காதில் விழுந்தால் அண்ணே தே தாரிக்கைக் கீழே வைத்துவிடுவார். அவர் வைத்தால் நமக்கு அரை மணி நேரம் போச்சு என்று அர்த்தம்.

"அது உள்ள இருக்கிறது மெழுகு, தம்பி. சின்னச் செம்புக் குப்பிக்குள்ள மெழுகு. சூடு ஏறினா உருகி வீங்கும், வீங்கினா கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும். அதுவரைக்கும் தண்ணி இஞ்சினுக்குள்ளயே சுத்தும். அதைப் பிடுங்கிப்புட்டா இஞ்சினுக்குச் சூடே ஏறாது. பெட்ரோல் குடிக்கும். எண்ணெய் களிமண்ணாப் போகும். சில இஞ்சின்ல அந்தக் கதவு திறக்கறப்பவே சுத்துவழியையும் அடைக்கும். அதைக் கழட்டிட்டா தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம குறுக்கால ஓடிப்போயிடும். குளிரும்னு கழட்டினவன் ரோட்டோரத்துல நிப்பான்!"

இத்தனையும் உண்மை. மெழுகு வைத்த இந்தக் கருவியைச் செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் கண்டுபிடித்தார். லாபிஸில் அவருக்காக இவ்வளவு தொண்டைத்தண்ணி வற்றும் என்று அந்த மனிதர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அண்ணனுடைய சிக்கல் வேறு. தெர்மோஸ்டாட் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எத்தனை டிகிரி என்பதில்தான் உறக்கம் கெடுகிறது. சந்தைக்குப் போக 88. சிகாமட் வரை போக 82. தைப்பூசத்துக்குப் பத்துமலை என்றால் 76. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அடுப்பில் வேகவைத்துப் பார்ப்பார். சட்டியின் அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். 82 என்று முத்திரை குத்தியது 82-ல் வாயைப் பிளக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியபின்தான் முழுசாகத் திறக்கும். அதைப் பார்க்கையில் அவர் முகத்தில் முதல் பேரனைப் பார்த்தபோதுகூட வராத ஒரு சிரிப்பு வரும்.

"என்னங்க, அது ரசம் வைக்கிற சட்டி" என்று அண்ணி ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. புதுச் சட்டி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

டவுனில் இருக்கும் சீனப் போமன் இவரிடம் பல முறை சொல்லிப் பார்த்துவிட்டார். "லாபான் புலோ டுவா சுக்குப்லா, அண்ணே." எண்பத்திரண்டு போதும், விட்டுவிடு என்று பொருள். 76-ஐப் போட்டால் கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். திறந்த பிறகு தண்ணீரை ஆற வைப்பது ரேடியேட்டரின் பாடு, காற்றாடியின் பாடு. ஆறு மணிக்கே கடையைத் திறந்து வைத்தாலும் உள்ளே சரக்கு இருந்தால்தானே வியாபாரம்? இந்த இடத்தில் மட்டும் அண்ணனுடைய கதவு எந்த டிகிரியிலும் திறப்பதில்லை.

ஒரு வருஷம் தைப்பூசப் பயணத்தில் நானும் இருந்தேன். 76 மாட்டியாயிற்று. காற்று வெளியேறும் குட்டி ஆணி மேல்பக்கமாக நிற்கிறதா என்று டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தாயிற்று. விடியற்காலை கிளம்பி, தெனாங் பக்கம் போவதற்குள் முள் சிவப்புக்குப் போனது. நான் ரேடியேட்டர் மூடியைத் தொடப் போனேன். அண்ணே என் கையைத் தட்டிவிட்டார். மூடி போட்ட அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும், திறந்தால் முகத்தில் அடிக்கும் என்று அந்த அவசரத்திலும் பாடம் நடத்தினார். அதற்கு அவருக்கு நான் கடன்பட்டவன்.

ஆறிய பிறகு திறந்தோம். தே தாரிக் நிறத்தில் தண்ணீர். வருஷக்கணக்காகப் பைப் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் குழாய்கள் துருவால் அடைத்துப் போயிருந்தன. பச்சைக் கூலன்ட் வாங்கக் காசு இல்லாமல் இல்லை. மூன்று தெர்மோஸ்டாட் வாங்கிய மனிதருக்கு அது தோன்றவில்லை. போகிற வழியில் நின்ற ஒரு லோரிக்காரர் எட்டிப் பார்த்து, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்கண்ணே" என்றார். அண்ணே பதில் பேசாமல் செம்பனைத் தோப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த வருஷம் எங்கள் தேங்காயை லாபிஸ் கோயிலிலேயே உடைத்தோம்.

போன தீபாவளிக்கு அண்ணனுடைய மகன் புதுக் கார் எடுத்து வந்தான். அண்ணனை முன் ஸீட்டில் உட்கார வைத்து ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினான். நான் பின்னால் அண்ணிக்குப் பக்கத்தில். ஊர் எல்லை தாண்டுமுன் அண்ணே டேஷ்போர்டை மேலும் கீழும் தேட ஆரம்பித்தார்.

"முள் எங்கடா?"

"இதுல முள் கிடையாதுப்பா. குளிர்ந்திருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு விளக்கு."

"இப்ப ரெண்டும் எரியலையே?"

"அப்படின்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"நல்லா இருக்குன்னா எத்தனை டிகிரி?"

மகன் ரேடியோவைப் போட்டான்.

யோங் பெங்கில் காப்பி குடிக்க நிறுத்தினோம். எல்லாரும் கடைக்குள் போனபின் நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணே காரின் முன்னால் நின்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"எண்பத்திரண்டுதான்" என்றார் என்னிடம் மட்டும். பிறகு காப்பி ஓ சொன்னார்.