பிள்ளை முகம் பார்க்கும் மாதம்

பிரசவத்துக்குப் பின் முடி கொட்டுவது பெரும்பாலும் நோயல்ல. பத்து மாதப் பாக்கி ஒரேயடியாக வசூலாவது. தலைமுடியில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருந்து, நாளுக்கு 50 முதல் 100 வரை உதிரும். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால், உதிர வேண்டியதும் உதிராமல் நிற்கிறது. வளைகாப்பன்று ‘பின்னல் என்ன கனம்!’ என்று உறவுக்காரர்கள் கண் வைப்பது இந்தப் பாக்கியின் மேல்தான்.

பிள்ளை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. தங்கிய முடியெல்லாம் கூட்டமாக ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்தில் கழல்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இதற்கு விளக்கம் தேவையில்லை: ஒன்றாக அடுக்கிச் சுட்ட அகல்விளக்குகள் ஒன்றாகத்தான் சூளையை விட்டு இறங்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இப்படிக் கூட்டமாக முடி உதிர்வதற்கு ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்று பெயரிட்டார். பாட்டிமார் சொல்வது இன்னும் சுருக்கம்: பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும். மாதக் கணக்கு சரி, குற்றவாளிதான் மாறிவிட்டார்.

கொட்டிய முடி சீப்பிலும் தலையணையிலும் ரசத்திலும் கிடைக்கும். வெள்ளைப் பீங்கான் வாஷ்பேசினில் ஒரு முடி பத்தாகத் தெரியும். சிரிப்புக்கு இடமில்லாதது ஒன்றுண்டு: உதிர்ந்த முடி குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடலாம். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டால் விரல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இறுகிய முடி எடுக்க வராவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழன்ற முடியை எந்த எண்ணெயும் திரும்ப ஒட்டாது. எண்ணெய்க்காரருக்கு மட்டும் அதில் வளர்ச்சி உண்டு. இறுக்கிப் பின்னாமல், ஈரத்தோடு சீவாமல் இருந்தால் போதும். பத்தியத்தின் பெயரால் கீரை, பருப்பு, முட்டையை ஒதுக்கக் கூடாது. அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் விழுங்குவதற்கு. அலமாரியில் காவல் வைப்பதற்கல்ல. ஓராண்டு கடந்தும் கொட்டினாலோ, சொட்டை வட்டமாக விழுந்தாலோ, சோர்வும் படபடப்பும் சேர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டி, ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் அடர்த்தி திரும்பும். நெற்றியோரம், எத்தனை முறை தடவினாலும் படியாமல் விறைத்து நிற்கும் குட்டை முடிதான் அதன் அறிகுறி. அது கைக்கு எட்டும் நீளம் வருவதற்குள், பிள்ளைக்குப் பிடித்து இழுக்கும் வயது வந்திருக்கும்.