இரண்டு கிலோ போப்பாண்டவர்

வேலை விஷயமாக லீமாவுக்குப் போன இரண்டாவது வாரம், சுர்கில்லோ சந்தையில் உருளைக்கிழங்குக் கடை முன்னால் நின்று, "ரெண்டு கிலோ போப்பாண்டவர் குடுங்க" என்று கேட்டுவிட்டேன்.

கடைக்கார அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் தராசைத் துடைத்தபடி, "அவர் ரோமில இருக்கார், கசேரோ. எங்கிட்ட மஞ்சக் கிழங்குதான் இருக்கு" என்றார். (கசேரோ என்றால் வாடிக்கைக்காரர். கடைக்காரரையும் அப்படியேதான் கூப்பிடுகிறார்கள். அம்மாளாக இருந்தால் கசேரா.)

பெருவில் உருளைக்கிழங்குக்குப் பெயர் பாப்பா. போப்பாண்டவரும் பாப்பாதான். முன்னால் 'லா' போட்டால் கிழங்கு, பெண்பால். 'எல்' போட்டால் அவர், ஆண்பால். ஆ-வில் முடிந்தால் பெண், ஓ-வில் முடிந்தால் ஆண் என்று ஸ்பானிய வகுப்பில் முதல் நாள் சொன்னார்கள். இரண்டாம் நாளே, கையைக் குறிக்கும் 'மானோ' பெண், வரைபடத்தைக் குறிக்கும் 'மாப்பா' ஆண் என்றார்கள். அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும்.

நமக்கு இந்த வம்பே கிடையாது. மேசைக்கு வேட்டியா சேலையா என்று தமிழில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஸ்பானியத்தில் 'மேசா' பெண், போர்த்துக்கீசியத்திலும் பெண்தான். ஆனால் போர்த்துக்கீசியர் கப்பலில் ஏறி நம் கரையில் இறங்கியதும் அது பாலைத் தொலைத்துவிட்டு அஃறிணையாகி, நிம்மதியாக நாலு காலில் நிற்கிறது.

இத்தனைக்கும் இந்த இரண்டு பாப்பாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிழங்கு கெச்சுவா மொழிக்காரி, ஆண்டிஸ் மலையில் பிறந்தவள். மற்றவர் கிரேக்கத்தில் 'அப்பா'வாகப் பிறந்து, லத்தீன் வழியாக வந்தவர். ஸ்பெயினில் பலரும் கிழங்கை 'பத்தாத்தா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். பெருக்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. போதாக்குறைக்கு, அவர்களுடைய சிக்லாயோ நகரத்தில் ஆயராக இருந்து 2015-இல் பெருவின் குடியுரிமையும் பெற்றவர், 2025 மே மாதம் பதினான்காம் லியோவாகப் போப்பாண்டவர் ஆகிவிட்டார்.

'லா'வையும் 'எல்'லையும் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டேன் என்று நினைத்தபோதுதான் மூன்றாவது ஆள் வந்தார். கடைசி எழுத்தில் அழுத்திச் சொன்னால் அது அப்பா. நமக்குக் குறில் நெடில் தெரியும். ஒரே சொல்லில் எந்த இடத்தில் அழுத்துவது என்பது மட்டும் நாக்கில் ஏறுவதில்லை. குடும்பத்தை அறிமுகப்படுத்தச் சொன்ன அன்று எழுந்து நின்று, "என் பாப்பா பள்ளிக்கூட வாத்தியார். ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது முட்டிவலி" என்றேன். என் உருளைக்கிழங்கின் உடல்நிலையைக் கேட்டு வகுப்பே உருகியது. "கொஞ்சம் வேகவைத்தால் சரியாகிவிடும்" என்றார் ஆசிரியை.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது வழியெல்லாம் 'லா, லா' என்று பாடிக்கொண்டே போனேன். இந்த முறை சரியாகக் கேட்டேன். எங்கள் ஊரில் பாப்பா என்றால் குழந்தை என்றும் சொன்னேன். கசேரா கையிலிருந்த கிழங்கை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாகப் பையில் வைத்தார்.

நிறுத்து முடித்ததும், குட்டியாக ஒன்றை எடுத்து மேலே போட்டு, "யாப்பா" என்றார். நம் கொசுறுதான். அதுவும் ஆ-வில் முடிகிறதே, எனக்குப் பகீரென்றது.

"எல் யாப்பாவா, லா யாப்பாவா?"

"சும்மா குடுக்கறதுக்கு ஆணென்ன பொண்ணென்ன கசேரோ, எடுத்துட்டுப் போங்க."