யார், எது, எப்போது?

மேடவாக்கம் வாசகர்: எட்டுப் பேர் சேர்ந்து இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறோம். எல்லாமே வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிறது. வேலைகளை நிர்வகிக்கத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் எதற்கு?

பேசிக்கொள்ள வாட்ஸ்அப் போதும். பேசியது நடந்ததா என்று பார்க்கப் போதாது. எங்கள் வீட்டு சமையலறை வேலை நடந்தபோது, “சிங்க் பக்கத்து ஷெல்ஃபில் இரண்டு அங்குலம் குறைக்கணும்” என்று ராத்திரி பத்தரைக்குக் குரூப்பில் போட்டேன். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. விடிவதற்குள் அதன்மேல் குட்மார்னிங் படங்களும் ஹார்டுவேர் பில்லும் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தும் ஏறிவிட்டன. கார்ப்பென்டர் பழைய அளவிலேயே பிளைவுட்டை அறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தகவல் குரூப்பில் எல்லோருக்கும் போனது. இன்னார்தான் பார்க்க வேண்டும் என்று யார் பெயரும் அதில் இல்லை. வேலை ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயரும் ஒரு தேதியும் ஒட்டியிருக்க வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது அதற்காகத்தான். மற்ற வசதியெல்லாம் பிறகு.

குரோம்பேட்டை வாசகி: மூன்று கம்பெனிகளின் டெமோ பார்த்தோம். மூன்றுமே பிரமாதம். எதை எடுப்பது?

டெமோவில் ஓடுவது அவர்கள் தயார் செய்து வைத்த வேலை. உங்கள் போன மாத வேலைகளில் ஆகச் சிக்கலான ஒன்றை எடுங்கள்: கஸ்டமர் பாதியில் மனம் மாறியது, பொருள் வராமல் ஒரு வாரம் நின்றது, ஆள் லீவில் போனது, எல்லாம் சேர்ந்தது. டிரையல் காலத்தில் அதை மூன்றிலும் ஏற்றிப் பாருங்கள். ஏற்றுகிறவர் உங்கள் டீமில் கம்ப்யூட்டரோடு ஆகக் குறைவாகப் பழகியவராக இருக்கட்டும். அவர் சைட்டில் வெயிலில் நின்று, ஒரு கையில் டேப்பைப் பிடித்தபடி, மறு கையில் போனை வைத்து ‘இது முடிந்தது’ என்று ஒரு போட்டோவோடு பதிய முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். இன்னொன்றையும் அந்த வாரமே சோதியுங்கள்: ஏற்றியதையெல்லாம் எக்ஸெல்லாகத் திரும்ப இறக்க முடிகிறதா என்று. உள்ளே போக மட்டும் வழி வைத்திருக்கும் சாஃப்ட்வேரை நான் தொட மாட்டேன்.

கூடுவாஞ்சேரி வாசகர்: ஜோஹோ நம்ம ஊர்க் கம்பெனி. அதற்காகவே வாங்கலாமா?

1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி அது. வேலைகளை நிர்வகிக்கும் அதன் சாஃப்ட்வேரான ஜோஹோ புராஜெக்ட்ஸ், கம்பெனி பெயர் மாறுவதற்கு முன்பே, 2006-ல் வந்துவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டில் உங்கள் ஊரைத் தாண்டும்போது அந்த வளாகத்தைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெருமைக்காக முதலில் சோதித்துப் பார்க்கும் இடத்தை அதற்குக் கொடுங்கள். பில் ரூபாயில் வருவதும் சின்னக் கம்பெனிக்கு நிஜமான வசதி. டாலர் ஏறும்போதெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் குரோம்பேட்டை வாசகிக்குச் சொன்ன சோதனையில் அதுவும் தேற வேண்டும்.

பெருங்குடி வாசகி: எல்லோரும் ஜிரா, ஜிரா என்கிறார்களே?

ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கம்பெனி 2002-ல் கொண்டுவந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான ‘கொஜிரா’விலிருந்து எடுத்த பெயர். சாஃப்ட்வேரில் வரும் பிழைகளைத் துரத்தப் பிறந்தது. கோட் எழுதும் டீம் என்றால் தாராளமாக எடுங்கள். கல்யாண கான்ட்ராக்ட் எடுப்பவருக்கு அது வீண் சுமை.

தாம்பரம் சானடோரியம் வாசகர்: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கான்பான் போர்டு எனக்குப் பயன்படுமா?

அது உங்கள் வீட்டுப் பிள்ளை. டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் தாய்இச்சி ஓனோ உருவாக்கிய முறை. பட்டறையிலிருந்துதான் ஐடி கம்பெனிக்குப் போனது. ‘செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது’ என்று மூன்று கட்டம் போடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உயிர் இருப்பது நடுக் கட்டத்தில். இரண்டு மெஷின்தான் என்றால் அங்கே இரண்டு, மிஞ்சினால் மூன்று ஜாப் கார்டுக்கு மேல் நுழையக் கூடாது. ஒன்று வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே. எந்த மெஷினுக்கு முன்னால் வேலை குவிகிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். இதற்கு சாஃப்ட்வேர் வேண்டாம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள்.

முடிச்சூர் வாசகர்: வீடு கட்டுகிறோம். இன்ஜினியர் கான்ட் சார்ட் என்று கலர் கலராகக் கோடு போட்டு அனுப்புகிறார். எதைப் பார்ப்பது?

கோட்டின் நீளத்தை விடுங்கள். எந்தக் கோடு எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு 14 நாள் வரை முட்டு எடுக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. பத்து ஆளைக் கூடுதலாக இறக்கினாலும் அந்த 14 நாள் குறையாது. குடிபோகும் தேதியைத் தீர்மானிப்பவை இந்த மாதிரி வேலைகள்தான். இவற்றைக் கண்டுபிடிக்கும் கணக்கை 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி தன் ஆலைகளுக்காக உருவாக்கியது. முட்டு நிற்கும் நாள்களில் ஜன்னல் கிரில்லுக்கும் டைல்ஸுக்கும் ஆர்டர் கொடுத்தாரா என்று விசாரியுங்கள். அங்கேதான் நாள் மிச்சமாகும்.

வேளச்சேரி வாசகர்: ரெட்மைன் இலவசமாமே? ஆபீஸிலேயே சர்வர் வைத்து ஓட்டலாமா?

நல்ல சாஃப்ட்வேர், பராமரிக்க ஆள் இருந்தால். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சர்வர் தரைத்தளத்து மேஜைக்கடியில் என்றால் வேண்டவே வேண்டாம்.

பல்லாவரம் வாசகி: வாங்கி ஆறு மாதமாகிறது. டீமில் ஒருவரும் திறப்பதில்லை. வேறு மாற்றலாமா?

திங்கட்கிழமை மீட்டிங்கில் எதை வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள்? “ஸ்டேட்டஸை எக்ஸெல்லில் அனுப்புங்க” என்று நீங்கள் கேட்கும்வரை அவர்கள் எக்ஸெல்லில்தான் உழைப்பார்கள். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? வருகிற திங்கட்கிழமை அந்த சாஃப்ட்வேரைப் பெரிய திரையில் திறந்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். முதல் வாரம் பாதி காலியாகத்தான் இருக்கும். கோபப்படாமல் அங்கேயே, எல்லோர் முன்னாலும், உங்கள் பெயரில் இருக்கும் வேலைகளை முதலில் பதியுங்கள்.