காலிபர்க்காரர்

தன் காரின் பிரேக் காலிபருக்குத் தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பவர் காலிபர்க்காரர். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய லுங்கியும் அதைவிடப் பழைய பனியனுமாகக் காணக் கிடைப்பார். மற்ற நாட்களில் வங்கியிலோ கணினி அலுவலகத்திலோ நல்ல பிள்ளையாக வேலை பார்ப்பதால் அடையாளம் தெரியாது. நகக்கண்ணில் ஒட்டிய சிவப்பு ஒன்றுதான் துப்பு.

காலிபர் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் கவ்வி. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிபருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். இருபுறப் பேடுகளும் டிஸ்க்கை இறுக்க, வண்டி நிற்கும். சாதாரணக் காரில் இது வார்ப்பிரும்பு. பேருக்கு ஒரு பூச்சோடு வருவதால் ஒரு மழைக்காலம் தாண்டினால் மேலெல்லாம் துரு படரும். மேலோட்டமான இந்தத் துருவால் பிரேக்குக்குப் பாதகமில்லை. பாதகமெல்லாம் காலிபர்க்காரரின் தூக்கத்துக்குத்தான்.

இந்த நோய் அலாய் வீல் மூலம் பரவுகிறது. இரும்பு ரிம்மும் பிளாஸ்டிக் வீல் கேப்பும் இருக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. ஆசைப்பட்டு அலாய் மாட்டியதும், அதன் அகலமான இடைவெளிகள் வழியே துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று அவரை முறைத்துப் பார்க்கத் தொடங்கும்.

அடுத்தது நிறம். பெரும்பான்மையோர் சிவப்புக் கட்சி. இத்தாலியில் பெர்கமோ பக்கம் 1961இல் தொடங்கிய பிரெம்போ நிறுவனத்தின் சிவப்புக் காலிபர்கள் பந்தயக் கார்களையும் விலையுயர்ந்த கார்களையும் நிறுத்திப் பேர் வாங்கியவை. சிறுபான்மையோர் மஞ்சள். போர்ஷே கார்களில் மஞ்சள் காலிபர் என்றால் பீங்கான் டிஸ்க் என்று அர்த்தம். பளீரென்ற இளம்பச்சை என்றால் ஹைப்ரிட். 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு மஞ்சள் பூசுபவருக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தவர்கள் பார்த்து ஏமாறட்டும் என்றுதான் பூசுகிறார்.

சிக்கல் பின்சக்கரத்தில் வருகிறது. சிறிய கார்கள் பலவற்றில் முன்னால்தான் டிஸ்க், பின்னால் டிரம். அங்கே காலிபரே கிடையாது. ஆனாலும் மீந்த பெயிண்டை வீணாக்க மனமில்லாமல் டிரம்முக்கும் சிவப்பு அடிப்பவர் உண்டு. பார்ப்பதற்குச் சக்கரத்துக்குள் குங்குமச் சிமிழைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும். இனத்தின் மூத்தோர் டிரம்முக்குக் கறுப்பு அடித்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமலிருப்பார்கள்.

வேலை முறை வருமாறு. வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. அடியில் ஸ்டாண்டு கொடுப்பது கட்டாயம். இந்தக் கட்டத்தில் வாட்ச்மேன் வந்து "பஞ்சரா சார்?" என்பார். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, பிரேக் பிடிக்கலையா?" என்பார். பெயிண்ட் அடிக்கப்போவதாகச் சொன்னால், "எதுக்கு?" என்பார். இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் திருப்தியான பதில் சொன்னதில்லை.

பெயிண்ட் அடிப்பது அரை மணி, தேய்ப்பது அரை நாள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு பிஸ்டனைச் சுற்றிய ரப்பர், காற்றெடுக்கும் நிப்பிள், பிரேக் ஹோஸ், டிஸ்க், பேடு உட்காரும் இடம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடவேண்டும். காலிபர் முன்பின் நகரும் பின்களில் பெயிண்ட் ஏறினால் அது சிக்கிக்கொண்டு பேடு ஒருபக்கமாகத் தேயும். காலிபரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்துவதும் அவசியம்.

வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த எனாமல் இங்கே உதவாது. பிரேக் சூட்டில் கொப்புளித்து உரியும். சூடு தாங்கும் பெயிண்ட்தான் வேண்டும். ஒரே அடியாக அப்பாமல் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காயக் காய அடிக்க வேண்டும். ஸ்ப்ரேயும் உண்டு, பிரஷ்ஷும் உண்டு. அசோசியேஷன் செயலாளரின் வெள்ளைக் கார் இரண்டடி தள்ளி நிற்கும் குடியிருப்புகளில் பிரஷ்ஷே உசிதம். முழுதும் காயும் முன் மேலிருந்து, "அந்த ஒரு சக்கரத்தை மாட்டிட்டுப் போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடுங்க" என்று குரல் வரும். காதில் விழாதது போல இருப்பது இக்கலையின் ஓர் அங்கம்.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் வண்டியை எடுக்குமுன் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். புதுச் சிவப்பு செயலாளரின் கார் பம்பருக்கு மிக அருகில் போய்க் காட்சி தரும்.

பூசிய பின் அவர் நடத்தை மாறுகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தே வண்டியை நிறுத்துவார். அப்போதுதான் காலிபர் போட்டோவில் தெரியும். லிஃப்டுக்குப் போகுமுன் திரும்பிப் பார்ப்பார். பிரேக் முன்னைவிட நன்றாகப் பிடிப்பதாகவும் சொல்வார். பெயிண்ட் பிரேக்குக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அவர் சொல்வது முழுப் பொய்யுமல்ல. தேய்க்க உட்கார்ந்தவர், பேடு மெலிந்திருப்பதைக் கண்டு புதிது வாங்கியிருப்பார். காய்ந்துபோன பின்களுக்குக் கிரீஸ் வைத்திருப்பார். வெடிப்பு விட்ட ஹோஸை மெக்கானிக்கிடம் மாற்றியிருப்பார். குடியிருப்பிலுள்ள மற்றவர்கள், கீச்சென்று சத்தம் வந்தால் பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொள்பவர்கள்.

இதைப் பெரியவரும் ஒருநாள் கவனிப்பார். "தம்பி, என் வண்டியையும் ஒரு பார்வை பாருங்களேன். சத்தம் வருது" என்று சாவியை நீட்டுவார். நீட்டிய கையோடு, "பெயிண்ட் மட்டும் வேண்டாம்" என்பார்.